அழகர்மலைக் குரங்குக்குப் பறிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான்

சென்ற சனிக்கிழமை கள்ளழகரைச் சேவித்துவிட்டுப் பழமுதிர்சோலைக்கு நடந்து ஏறியபோது, எனக்கு முன்னால் சென்ற ஒரு பாட்டியின் பாலித்தீன் பையைத் தாய்க்குரங்கு ஒன்று பறித்துக்கொண்டு போனது. துணிப்பையில் வாழைப்பழம் வைத்திருந்த என்னை அது திரும்பியும் பார்க்கவில்லை. பாட்டி பையைக் கை மாற்றியபோது எழுந்த சரசரப்புக்குத்தான் அதன் தலை திரும்பியது. உடன் வந்தவர்கள், "அது குரங்கின் பிறவிக்குணம்" என்றார்கள். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

பிறவிக்குணம் எதுவென்று அதே குரங்கின் வயிற்றிலேயே தெரிந்தது. தாய் மதிலுக்குத் தாவியபோதும் அதன் குட்டி பிடி தளராமல் தொங்கியது. அந்தப் பிடியை அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. காக்கைக் கூட்டில் பொரிந்து, காக்கை ஊட்டிய இரையில் வளரும் குயிலும் வளர்ந்தபின் குயிலாகத்தான் கூவுகிறது. ஆனால் பாலித்தீன் சரசரத்தால் உள்ளே தின்பண்டம் இருக்கும் என்பது எந்தக் குரங்குக்கும் உடன்பிறந்த அறிவாக இருக்க முடியாது. செரிமானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், உணவோடு சேர்த்துத் திரும்பத் திரும்ப ஓர் ஒலியைக் கேட்ட நாய்க்கு, பின்னர் அந்த ஒலி மட்டும் கேட்டாலே எச்சில் ஊறுவதைக் காட்டினார். மலைப்பாதையில் அந்த ஒலியின் வேலையை நம் பைகள் செய்கின்றன.

பறித்தால் கிடைக்கும் என்பது அடுத்த பாடம். ஒவ்வொரு முறையும் கிடைக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எப்போதாவது மட்டுமே பலன் தந்த செயலை விலங்குகள் எளிதில் கைவிடுவதில்லை என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் கொண்டு விளக்கினார். ஆஞ்சநேயரை நினைத்துச் சனிக்கிழமைதோறும் நாம் நீட்டும் ஒற்றைப் பழம் அந்தப் பழக்கத்தை வாரம் தவறாமல் உயிரோடு வைத்திருக்கிறது. பக்தியை நான் குறை சொல்லவில்லை. நானும் பல ஆண்டுகள் நீட்டியவன்தான்.

கொடுப்பதை நிறுத்தினால் முதலில் மூர்க்கம் கூடவே செய்யும். பழகிய பலன் திடீரென்று நின்றுபோனால், அந்தச் செயல் ஓய்வதற்கு முன் சில காலம் உச்சத்துக்குப் போவது உண்டு. அந்த நாட்களில், பல்லைக் காட்டி மிரட்டும் குரங்குக்கு அஞ்சிப் பையைப் போட்டுவிட்டு ஓடினால், இன்னும் கடுமையாக மிரட்ட வேண்டும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். ஆகவே ஒருவர் நிறுத்தி மற்றவர் கொடுப்பதால் பயனில்லை. மலையேறும் அனைவரும் சேர்ந்து நிறுத்த வேண்டும். தின்பண்டத்தைக் கண்ணில் படும்படி கொண்டுபோகக் கூடாது.

எதைத் தின்பது, எப்படி எடுப்பது என்பதைக் குட்டிகள் பெரும்பாலும் தாயைப் பார்த்தே பழகுகின்றன. அன்று மதில்மேல் அமர்ந்து தாய் அந்தப் பையைப் பல்லால் கிழித்துப் பொரியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டபோது, குட்டி வயிற்றிலிருந்து தலையை நீட்டி, கிழிந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.