மாதிரிக்கு மணி பார்க்கத் தெரியாது

"ஈஸ்ட்டின் வளர்சிதைமாற்றக் கணித மாதிரியைக் கணினியில் ஓட்டினாலே, உடன்குடிப் பதநீர் எத்தனை மணி நேரத்தில் கள்ளாகும் என்று தெரிந்துவிடும், ஆய்வகமே வேண்டாம்" என்று மேலே எழுதியிருக்கும் அண்ணாச்சிக்கு: இது தவறு.

நீங்கள் சொல்லும் மாதிரி, செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளைச் சமன்பாடுகளாக எழுதிக் கணக்கிடும் பாய்வுச் சமநிலைப் பகுப்பாய்வு (flux balance analysis). அதில் நேரம் என்பதே கிடையாது. செல்லுக்குள் எந்தச் சேர்மமும் தேங்குவதில்லை என்று வைத்துக்கொண்டு, வினைகளின் வேகங்களை மட்டுமே அது கணக்கிடுகிறது. சர்க்கரையை ஈஸ்ட் எவ்வளவு வேகமாக உள்ளிழுக்கிறது என்ற எண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும். அது ஆய்வகத்தில் அளந்து பெறுவது. 180 கிராம் குளுக்கோஸிலிருந்து அதிகபட்சம் 92 கிராம் எத்தனால் என்ற உச்சவரம்பை மாதிரி சரியாகச் சொல்லும். எப்போது என்று சொல்லாது.

தவிர, பானையில் ஈஸ்ட் மட்டுமா இருக்கிறது? லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் சைமோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவும் அதே சர்க்கரைக்குப் போட்டியிடுகின்றன. கலயத்தின் உட்புறம் பூசிய சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி இவற்றை அடக்கிவைக்கிறது. வெறும் வினைச் சமன்பாடுகளில் அந்தச் சுண்ணாம்புக்கு இடமில்லை.

நேரக் கணக்குக்கு இயங்குநிலை மாதிரிகள் உண்டு. சர்க்கரை குறையக் குறைய, படிப்படியாக மீண்டும் கணக்கிடுபவை அவை. அவற்றுக்கும் அளந்த தரவு வேண்டும். மாணவர்களும் படிக்கிறார்கள், தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.