1807இல் கடலூர் அடிமைகள் விடுதலையா? தவறான செய்தி

பிரிட்டனில் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸ் பற்றிய திரைப்படத்தைப் பார்த்துக் கண் கலங்கிய யாரோ, கடலூரின் தேவனாம்பட்டினம் கோட்டைப் படத்தை ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்: "1807 சட்டம் கடலூர் அடிமைகளையும் விடுவித்தது." திரைப்படம் நல்லதுதான், செய்திதான் தவறு.

1807இல் பிரிட்டன் தடுத்தது அடிமை வியாபாரத்தை மட்டுமே. சரி, அடிமைமுறையையே ஒழித்த 1833 சட்டம்? அதன் 64ஆம் பிரிவு கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளை விலக்கிவிட்டது. கடலூர் அப்போது கம்பெனி வசம். சட்ட வாசகம் இணையத்தில் இருக்கிறது. அந்த ஒரு பிரிவைப் பார்த்தாலே போதும்.

இங்கே 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம்தான் அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. அடிமையை வாங்கினாலோ விற்றாலோ ஏழாண்டு வரை சிறை என்று 1860 தண்டனைச் சட்டம் சொன்னது.

அந்தச் செய்தி வந்தால் மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.