காற்புள்ளி மூச்சு விடும் இடமல்ல

ஆங்கிலத்தில் காற்புள்ளியைப் பற்றிப் பேச்செடுத்தால், பிழை எது, நடை சார்ந்த விருப்பம் எது என்று பிரித்துப் பார்க்காமலே பலரும் சண்டைக்கு வந்துவிடுகிறார்கள். நமக்குக் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு மாத்திரை என்று நிறுத்திப் படிக்கப் பள்ளியில் பழகியவர்கள் நாம். வாய்விட்டு வாசிக்க அது உதவும்; ஆனால் அதே பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதினால், எழுவாய் சற்று நீண்டதுமே, மூச்சு வாங்கத் தோன்றி, வினைச்சொல்லுக்கு முன்னால் தேவையில்லாத கமா ஒன்று விழுந்துவிடும். இன்றைய ஆங்கிலத்தில் அது பிழைதான்.

‘ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர், ஐ வில் ரிப்ளை சூன்’ என்று இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் இணைப்பதும் முறையான எழுத்தில் பிழையே. ‘கடிதம் கிடைத்தது, விரைவில் பதில் எழுதுகிறேன்’ என்று தமிழில் எழுதினால் யாரும் குறை சொல்வதில்லை என்பதால்தான் இது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அடுத்து, ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை’ என்று கமா இல்லாமல் எழுதினால், சகோதரர்கள் பலர் இருக்க, அவர்களில் மதுரைக்காரரைச் சுட்டுவதாகப் பொருள். ‘ஹூ’வுக்கு முன்னும் ‘மதுரை’க்குப் பின்னும் கமா இட்டால், இருப்பது ஒரே சகோதரர், ஊர்ப்பெயர் கூடுதல் தகவல். இதில் விருப்பத்துக்கு இடமே இல்லை.

உண்மையிலேயே விவாதத்துக்குரியது, பட்டியலின் கடைசி ‘அண்ட்’ அல்லது ‘ஆர்’ என்ற சொல்லுக்கு முன் வரும் ஆக்ஸ்ஃபோர்ட் கமா. சிகாகோ நடைக் கையேடு அதை இடச் சொல்கிறது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் கையேடு, குழப்பம் வராத எளிய பட்டியல்களில் வேண்டாம் என்கிறது. கமா கட்சிக்காரர்கள் தவறாமல் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் மீது அதன் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கை. கூடுதல் நேர ஊதியம் யாருக்குக் கிடையாது என்று சொல்லும் சட்டப் பட்டியல், ‘ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்’ என்று முடிந்தது. ‘ஷிப்மென்ட்’ என்ற சொல்லுக்குப் பின் கமா இல்லை. விநியோகம் தனி வேலை என்றால் ஓட்டுநர்களுக்கு அந்த ஊதியம் இல்லை; விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவது மட்டுமே பட்டியலில் உள்ளது என்றால் உண்டு.

நிறுவனத்தின் வாதம் லேசானதல்ல. ‘பேக்கிங்’ என்பதே கடைசி வேலை என்றால் அதற்கு முன்னால் ஓர் ‘ஆர்’ இருந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, அந்த மாநிலத்தின் சட்ட வரைவுக் கையேடே இவ்விடத்தில் கமா வேண்டாம் என்றிருந்தது. ஓட்டுநர் தரப்போ, பட்டியலில் உள்ள வேலைகள் எல்லாம் ‘இங்’ என்று முடிய, ‘டிஸ்ட்ரிப்யூஷன்’ மட்டும் அப்படி முடியாமல் ‘ஷிப்மென்ட்’டோடு சோடி சேர்வதைக் காட்டியது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாசகம் இருபொருள் தருகிறது, அப்படியானால் தொழிலாளருக்குச் சாதகமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

இதை ஆக்ஸ்ஃபோர்ட் கமாவின் வெற்றி என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘மை ஃப்ரெண்ட், எ டாக்டர், அண்ட் எ லாயர்’ என்று கமாவோடு எழுதிப் பாருங்கள்: சொல்லப்படுபவர்கள் மூவரா, அல்லது நண்பரே மருத்துவராக, இருவர்தானா? இங்கே குழப்பத்தைக் கொண்டுவந்ததே அந்தக் கமாதான். கனடாவில் ராஜர்ஸ், அலையன்ட் என்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கிடையே, கேபிள் கட்டும் கம்பங்கள் பற்றி இருந்த ஒப்பந்தத்திலும், இருந்த ஒரு கமாவே வம்பானது. அதை வைத்து, முதல் ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்று 2006-இல் ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்தது. மறு ஆண்டு, பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்துத் தன் முடிவைத் தானே மாற்றிக்கொண்டது.

ஒரு கமாவை எடுத்தாலோ போட்டாலோ பணம் கைமாறும் என்றால், அந்த வாக்கியத்தைப் பிரித்துத் திரும்ப எழுதுவதே சரி என்பது என் கருத்து. மெய்ன் மாநிலச் சட்டமன்றமும் வழக்குக்குப் பிறகு வெறும் கமாவைச் சேர்த்துவிட்டு நிற்கவில்லை. வேலைகளுக்கு இடையே அரைப்புள்ளிகளை இட்டு, ‘டிஸ்ட்ரிப்யூஷன்’ என்பதையும் ‘டிஸ்ட்ரிப்யூட்டிங்’ என்று மாற்றிவிட்டது.