அந்தப் 11 பெண்கள்

பிள்ளை பெற்ற முதல் வாரத்தில் காரணமே இல்லாமல் அழுதிருக்கிறேன். சில நாளில் தானாகச் சரியாகிவிட்டது. சரியாகாமல் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் சிக்கியவர்களைப் பற்றி எங்கே படித்தாலும் அதனால்தான் கடந்து போக முடிவதில்லை.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உடம்பில் நிறைய ஊறும் அலோபிரெக்னனலோன், பிரசவமானதும் சட்டென்று குறைந்துவிடும். மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளில் வேலை செய்கிற பொருள் அது. அதையே பிரெக்சனலோன் என்ற மருந்தாக்கி நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்ததுதான் அமெரிக்காவில் நடந்த சோதனை. சமந்தா மெல்ட்சர்-பிராடி குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கடும் மனச்சோர்வில் இருந்த 21 தாய்மார்கள். 60 மணி நேரம் ட்ரிப்ஸ். மருந்து ஏறிய 10 பேரில் 7 பேர் மீண்டார்கள். மற்ற 11 பேருக்கு ஏறியது போலி மருந்து, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்கிற, மருந்தே கலக்காத திரவம். அவர்களில் மீண்டது ஒருவர்தான்.

அந்த 11 பேரைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எது ஏறுகிறது என்று தெரியாமல், கைக்குழந்தை இருக்கிற நிலையில், இரண்டரை நாள் படுத்திருந்தார்கள். இப்படிப் போலி மருந்து கொடுப்பது கொடுமை இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் இதே மருந்தைப் பற்றி 2018இல் வந்த பெரிய ஆய்வைப் படித்தேன். அதில் 138 பெண்கள். மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் எல்லோரும் 26க்குக் குறையாமல், அதாவது கடுமையான நிலையில் இருந்தவர்கள். மருந்து பெற்றவர்களுக்குச் மருந்தின் அளவைப் பொறுத்துச் சராசரியாக 17.7, 19.5 புள்ளிகள் இறங்கின. போலி மருந்து பெற்றவர்களுக்கும் 14 இறங்கியது!

அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் மொத்தப் பெயரையும் மருந்தே வாங்கிக்கொண்டிருக்கும். சரி, அந்த 14 எங்கிருந்து வந்தது? நாள் போனதாலா, நம்பிக்கையா, பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்து "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டதாலா? கேட்டதும் ஒரு காரணம் என்றுதான் நான் நம்புகிறேன்.

மருந்து வேலை செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2019இல் அனுமதி கிடைத்தபோது விலை சுமார் 34,000 டாலர். மயக்கம் வரலாம் என்பதால் கண்காணிப்பிலேயே இருக்க வேண்டியிருந்தது. 2023இல் இதே வகையைச் சேர்ந்த சுரனலோன் மாத்திரை வந்தது, 14 நாள், வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். வந்தபோது அதற்கும் 15,900 டாலர். அடுத்த சோதனையில் இன்னொரு பிரிவையும் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. அந்தப் பெண்களும் வழக்கமான சிகிச்சையை எடுத்துக்கொள்ளட்டும். கூடவே 14 ராத்திரி குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை அனுப்பி, அவர்களைத் தூங்க விட வேண்டும். அவர்களுக்கு எத்தனை புள்ளி இறங்குகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.