சவேரியாரை விட்டுவிட்டீர்களே

புனிதர்களின் பெயர் ஊர்களுக்கும் பிள்ளைகளுக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது என்ற கட்டுரையில் அந்தோணியார், சூசையப்பர் எல்லாம் வந்துவிட்டார்கள். மதம் பரப்ப நம் கரைக்கு வந்த பாதிரியார் பிரான்சிஸ் சேவியர், அதாவது நம் சவேரியாரைக் காணோமே!

அவர் கதைதான் இதில் விசேஷம். ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் உள்ள ஹாவியர் கோட்டையில் 1506-இல் பிறந்தவர். ஹாவியர், சேவியர், சவேரியார் எல்லாம் ஒரே பெயர்தான். அதாவது, 'சேவியர்' முதலில் ஓர் ஊரின் பெயர். அவருக்குப் பெற்றோர் வைத்தது பிரான்சிஸ்கோ. 1622-இல் புனிதர் பட்டம் கிடைத்த பிறகு அந்த ஊர்ப்பெயரையே பிள்ளைகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். இன்று ஸ்பெயினில் ஹாவியர் என்று கூப்பிட்டால் தெருவுக்கு ஒருவர் திரும்பிப் பார்ப்பார்.

நம் பக்கம் வந்தால், 1542-இல் அவர் தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து பரதவர் ஊர்களில் சுற்றியதன் அடையாளம் பெயர்களில் அப்படியே இருக்கிறது. சவரிமுத்து, சவரியம்மாள், சவரிராயன் எல்லாம் அவர் வழி வந்தவைதான். முத்து, அம்மாள், ராயன் எல்லாம் நம் சொந்தச் சரக்கு. தூத்துக்குடிப் பக்கம் சவேரியார்புரம் என்று ஊரே உண்டு. அவர் பெயரில் உள்ள கோட்டாறு பேராலயத்தின் திருவிழாவுக்கு டிசம்பர் 3 அன்று கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள்.

அவர் பெயரில் தொடங்கிய கல்லூரிகள் வேறு: கொல்கத்தா 1860, மும்பை 1869, பாளையங்கோட்டை 1923. இப்போதைய பிள்ளைகளுக்கு 'சவரிமுத்து' வைப்பது குறைந்துவிட்டது, 'சேவியர்' மட்டும் நிற்கிறது. எனக்கென்னவோ சவரிமுத்துதான் அழகு.