தேரைத் திருடும் ஊர்

சத்தீஸ்கரில் இருக்கும் பஸ்தருக்குப் போனேன் என்று சொன்னாலே "ஐயோ, அங்கேயா?" என்கிறார்கள். அந்த மாவட்டத்தைப் பற்றி வரும் செய்தியெல்லாம் துப்பாக்கிச் சூடாகவே இருந்தால் வேறென்ன கேட்பார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. மாவட்டத் தலைநகரான ஜக்தல்பூரைத் தசரா சமயத்தில் ஒரு தடவை பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

அங்கே தசரா 75 நாள். ராவணனை எரிப்பது கிடையாது. எல்லாம் தந்தேஸ்வரி அம்மனுக்குத்தான். நம் ஆடி அமாவாசையன்று, காட்டிலிருந்து வந்த மரத்துண்டுக்குப் பூசை போட்டுத் தொடங்குகிறார்கள். நம் ஊர்த் தேர் தலைமுறை தலைமுறையாகக் கொட்டகையில் நிற்கும். இங்கே நான்கு சக்கரத் தேர் ஒரு வருஷம், எட்டு சக்கரத் தேர் மறு வருஷம் என்று மாறி மாறிப் புதிதாகச் செய்கிறார்கள். சக்கரத்தில் கை வைத்துப் பார்த்தேன். இழைப்புளி படாத மரம். வாய்ச்சி கொத்திய தழும்பு வரிவரியாக விரலில் தட்டியது. பச்சை மர வாசனை கையோடு வந்தது.

இது சக்கரக்கோட்டத்துப் பூமி. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வருகிற அதே சக்கரக்கோட்டம். அப்புறம் வாரங்கலிலிருந்து காகதீய வழியினர் வந்து ஆண்டார்கள். தலைநகரை ஜக்தல்பூருக்குக் கொண்டுவந்தவர் 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட தல்பத் தேவ். ஊர் ஏரிக்கு அவர் பெயர்தான்.

ஆனால் அரண்மனையைவிட எனக்குப் பெரிதாகப்படுவது விஜயதசமி இரவு. மாடியா பழங்குடி மக்கள் தேரைத் 'திருடி', ஊருக்கு வெளியே கும்ஹடாகோட்டுக்கு இழுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் அரச குடும்பத்தார் அங்கே போய், அவர்களோடு புது அரிசிச் சோறு சாப்பிட்ட பிறகுதான் தேர் திரும்பும். இதை வெறும் சடங்கு என்று தாண்டிப்போக எனக்கு மனசு வரவில்லை. மரமும் எங்களுடையது, இழுக்கிற கையும் எங்களுடையது என்று வருஷா வருஷம் சொல்லிக் காட்டுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

1910இல் அதையே வில்லெடுத்துச் சொன்னார்கள். காட்டில் மூன்றில் இரண்டு பங்கை ரிசர்வ் ஆக்க 1905இல் ஆங்கில அரசு திட்டம் போட்டது. வேட்டை கூடாது, காட்டை மாற்றி மாற்றிப் பயிர் வைக்கக் கூடாது, காட்டுப் பொருள் எடுக்கக் கூடாது. மாங்கொப்பும் மண்கட்டியும் மிளகாயும் அம்பும் ஊர் ஊராகக் கைமாறின, அதுதான் அழைப்பு. பூம்கால் என்கிறார்கள் அந்த எழுச்சியை. அடக்க மூன்று மாதம் ஆனது. அதற்குத் தலைவராக நின்ற நேதானார் ஊர்க் குண்டா தூர் கடைசிவரை பிடிபடவில்லை. ரிசர்வ் செய்ய நினைத்த பரப்பைப் பாதியாகக் குறைத்தார்கள்.

தசரா முடிவில் முரியா தர்பார் என்ற குறை கேட்கும் சபை கூடுகிறது, 1876 முதல். அன்று ஊர்த் தலைவர்கள் அரசர் முன்னால் குறை சொன்னார்கள். இன்று முதலமைச்சர் வந்து உட்காருகிறார். சுற்றுலா விளம்பரத்தில் சித்ரகோட் அருவியைப் போடட்டும், அழகுதான். அதோடு, தர்பாரில் யார் என்ன குறை சொன்னார்கள், அதற்கு என்ன செய்தார்கள் என்று அடுத்த தசராவுக்குள் அங்கே பேசும் கோண்டியிலும் ஹல்பியிலும் அச்சடித்து ஊர் ஊராகக் கொடுக்கட்டும்.