லீடர்போர்டில் ஐம்பதாவது இடத்தில் இருக்கும் பிள்ளைக்காக

ஆன்லைன் வகுப்பு எடுக்கிறவர்கள் பலர் வாரா வாரம் வாட்ஸ்அப் குரூப்பில் லீடர்போர்டின், அதாவது யார் எத்தனையாவது இடம் என்ற பட்டியலின், ஸ்கிரீன்ஷாட் போடுகிறார்கள். அறுபது பெயர், பக்கத்திலேயே மதிப்பெண், மேலிருந்து கீழாக. ஊக்கம் வரட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அது உற்சாகம் தருவது மேலே இருக்கிற ஏழெட்டுப் பேருக்கு. அவர்கள் பட்டியல் இல்லாவிட்டாலும் படிக்கிறவர்கள். கீழே இருப்பவர்கள் சத்தமில்லாமல் வகுப்பை விட்டுப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 2017-இல் பொதுத்தேர்வு முடிவுகளோடு முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தையே அரசு நிறுத்திவிட்டது. நாமோ பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அதை வாரந்தோறும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

லீடர்போர்டு கூடாது என்பதல்ல என் கருத்து. மொத்த வகுப்பையும், மொத்தப் பாயின்ட்டையும் ஒரே பட்டியலில் காட்டக் கூடாது என்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வார வகுப்பு, வாரத்துக்கு அதிகபட்சம் 100 பாயின்ட். முதலிடத்தில் இருப்பவர் சராசரியாக 90 எடுத்தால் கடைசியில் 1080. காய்ச்சலிலோ ஊர்த் திருவிழாவிலோ முதல் இரண்டு வாரம் வராத பிள்ளை, மீதி 10 வாரமும் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் 1000தான். மூன்றாவது வாரமே போட்டி முடிந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆகவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் எல்லாரும் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். மொத்தப் பாயின்ட்டை அவரவர் பக்கத்தில் அவரவருக்கு மட்டும் காட்டினால் போதும்.

அடுத்து, யாரோடு யாரைப் போட்டியிட வைப்பது? மொழி கற்றுத்தரும் ஆப்பான டுவோலிங்கோவில் கோடிக்கணக்கானோர் படிக்கிறார்கள். ஆனாலும் ஒருவர் கண்ணில் படுவது ஏறக்குறைய 30 பேர் கொண்ட ஒரு வாரக் குழு மட்டுமே. 60 பேர் வகுப்பில் பத்துப் பத்துப் பேராகப் பிரியுங்கள். போன வாரப் பாயின்ட்டில் அருகருகே இருந்தவர்களை ஒரே குழுவில் போடுங்கள். அந்த வாரத்தின் முதல் பயிற்சியை முடித்த பிறகுதான் ஒருவர் பெயர் குழுவில் ஏற வேண்டும். இல்லையென்றால் வராதவர்களின் பூஜ்யங்கள் அடியில் நின்று, வந்தவர்களுக்குப் போலியான இடத்தைக் கொடுக்கும்.

பத்துப் பேரிலும் முழுப் பட்டியல் தேவையில்லை. தனக்கு மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர் தெரிந்தால் போதும். மேலே இருப்பவரை எட்ட இன்னும் 15 பாயின்ட் வேண்டும் என்று தெரிந்தால், இன்னொரு பயிற்சி போட்டால் ஆயிற்று என்று பிள்ளை உட்காரும். முதலிடத்துக்கு 400 பாயின்ட் வேண்டும் என்றால் போனை மூடி வைத்துவிடும். ஆன்லைன் வகுப்பு நடத்தும் மென்பொருளான மூடுலில் லெவல் அப் என்ற கூடுதல் வசதியை (பிளக்இன்) போட்டால், அக்கம்பக்கத்து இடங்களை மட்டும் காட்டவும் பெயர்களை மறைக்கவும் வசதி உண்டு. கூகுள் ஷீட்டில் செய்பவர்கள், அதே குழுவில் ஒருவரைவிட அதிகப் பாயின்ட் உள்ளவர்களைக் கவுன்ட்இஃப்ஸ் (COUNTIFS) என்ற ஃபார்முலா கொண்டு எண்ணி 1 கூட்டினால் அவருடைய இடம் வந்துவிடும். சமமாக இருப்பவர்களுக்கு ஒரே இடம் கிடைக்கும். யார் முதலில் அனுப்பினார் என்று பார்த்துச் சமநிலையைப் பிரிக்கவே வேண்டாம். அப்பா வேலையிலிருந்து வந்த பிறகு இரவு எட்டரைக்குத்தான் போன் கையில் கிடைக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

வேகத்துக்குப் பாயின்ட் கொடுப்பதிலும் இதே சிக்கல். வகுப்பில் குவிஸ் நடத்தும் ஆப்பான கஹூட்டின் வழக்கமான கணக்கில் உடனே சொன்ன சரியான விடைக்கு 1000. கடைசி நொடியில் சொன்னால் சுமார் 500. கேள்விக்கு 20 நொடி வைத்தால், பத்தாவது நொடியில் பதில் சொன்னவருக்கு 750. அதையே 60 நொடி ஆக்கினால் அதே பத்தாவது நொடிக்கு 917. மெதுவாக வாசிக்கிற பிள்ளைக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய நியாயம். கேள்வியை மாற்ற வேண்டியதில்லை, நேரத்தைக் கூட்டினால் போதும்.

எதற்குப் பாயின்ட் என்பதில்தான் பெரும்பாலும் எல்லாம் கெடுகிறது. வீடியோ பார்த்ததற்குக் கொடுத்தால், சத்தத்தை அணைத்து பிரவுசரின் இன்னொரு டேபில் ஓட விடுவார்கள். குவிஸை எத்தனை முறை போட்டாலும் பாயின்ட் என்றால், மிக எளிதான குவிஸையே இருபது தடவை போடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாம் வைத்த விதி அப்படி. நான் பரிந்துரைப்பது இது: முதல் முயற்சிக்கு 10, தவறாகப் போட்ட விடையைத் திருத்தி மறுபடி சரியாகச் செய்தால் 8, வகுப்புத் தோழரின் சந்தேகத்துக்கு ஆசிரியர் ஏற்கும்படி விளக்கம் எழுதினால் 5. ஒரு நாளைக்கு 50-க்கு மேல் ஏறக் கூடாது. திருத்தத்துக்கான 8-ஐக் குறைக்காதீர்கள். படிப்பு நடப்பது அங்கேதான்.

ஹேனஸ், ஃபாக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பாடத்தை இரண்டு வகுப்புகளில் 16 வாரம் கவனித்தார்கள். லீடர்போர்டும் பேட்ஜும் (சாதனைச் சின்னம்) வைத்த வகுப்பில் மாணவர்களின் ஆர்வமும் திருப்தியும் காலப்போக்கில் குறைந்தன. அந்த ஆர்வக் குறைவு இறுதித் தேர்வு மதிப்பெண்ணையும் இழுத்தது. எல்லா லீடர்போர்டுக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வைத்துவிட்டுக் கவனிக்காமல் இருப்பது தவறு.

கவனிக்க வேண்டியது முதலிடத்தின் பாயின்ட்டை அல்ல. இந்த வாரம் ஒவ்வொரு குழுவிலும் கீழ்ப்பாதியில் இருந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரம் ஒரு பயிற்சியாவது செய்தார்கள் என்று எண்ணுங்கள். குழுக்களில் பாதிக்கு லீடர்போர்டு காட்டி, மீதிப் பாதிக்குக் காட்டாமல் மூன்று வாரம் ஒப்பிடுங்கள். காட்டிய குழுக்களில் அந்த எண்ணிக்கை குறைந்தால், நான்காவது வாரம் பட்டியலை எடுத்துவிட்டு, போன வாரம் நீ எவ்வளவு, இந்த வாரம் நீ எவ்வளவு என்ற இரண்டே எண்களை அந்தந்தப் பிள்ளைக்குத் தனியாக அனுப்புங்கள்.